செயற்கைக்கோள் வழி ஹாம் ரேடியோ: மைக்ரோவேவ் கருவிகளுக்குப் பணம் எங்கே போகிறது?

ஹாம் ரேடியோவில் மைக்ரோவேவ் (கிகாஹெர்ட்ஸ் அலைகள்) என்ற சொல்லைக் கேட்டதுமே பலர் "அதெல்லாம் லட்சக்கணக்கில் ஆகும்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தப் பயத்தில் பாதிதான் நியாயம். செயற்கைக்கோளைக் கேட்பதற்கான கருவி ஒரு சாதாரண செல்போன் விலைக்கும் கீழே வந்துவிட்டது. அதன் வழியாகப் பேசத்தான் செலவு. அந்தச் செலவிலும் பெரும்பகுதி, பணத்தைத் தவறான இடத்தில் போடுவதால் வருவது. எங்கே போட வேண்டும், எங்கே போட வேண்டாம் என்பதை கியூஓ-100 என்ற செயற்கைக்கோளை வைத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் மைக்ரோவேவில் காலடி வைக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

கத்தாரின் எஸ்ஹைல்-2 என்ற டிவி செயற்கைக்கோள் 2018 நவம்பர் 15 அன்று பால்கன் 9 ராக்கெட்டில் ஏறியது. அதிலேயே அமெச்சூர் ரேடியோவுக்கென, அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம்களுக்கென, இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள் (வரும் சிக்னலை வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் கருவிகள்) வைக்கப்பட்டன. 2019 பிப்ரவரியில் அவை ஹாம்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அந்தப் பகுதிக்குத்தான் கியூஓ-100 என்று பெயர். புவிநிலைப் பாதையில் அமர்ந்த முதல் அமெச்சூர் டிரான்ஸ்பாண்டர் இதுவே. கிழக்குத் தீர்க்கரேகை 25.9 டிகிரியில், வானத்தில் ஒரே புள்ளியில் நிற்கிறது. பிரேசிலிலிருந்து தாய்லாந்து வரை தெரியும். நாம் 2400 மெகாஹெர்ட்ஸில் அனுப்புகிறோம், அது 10,489 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே திருப்பி அனுப்புகிறது. குறுகிய பட்டையில் குரலும் மோர்ஸும் தரவும். அகன்ற பட்டையில் டிஜிட்டல் டிவி. கீழே வரும் கணக்கெல்லாம் குறுகிய பட்டைக்கானது.

ஒரே புள்ளியில் நிற்பதுதான் முதல் சேமிப்பு. தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோளை மைக்ரோவேவில் துரத்த, இரண்டு திசையிலும் சுழலும் ரோட்டேட்டர் வேண்டும். நல்ல ரோட்டேட்டர் ஒன்றின் விலைக்கு கியூஓ-100 நிலையம் ஒன்றையே அமைத்துவிடலாம். அதோடு 2400 மெகாஹெர்ட்ஸில் டாப்ளர் விலகல் (செயற்கைக்கோளின் வேகத்தால் அலைவரிசை நகர்வது) 50 கிலோஹெர்ட்ஸ் வரை போகும், அதைக் கணினி விடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. டிஷ்ஷை ஒருமுறை திருப்பி போல்ட்டை முறுக்கினால் முடிந்தது.

டெசிபல்தான் இங்கே நாணயம்

சென்னையிலிருந்து இந்தச் செயற்கைக்கோளுக்குத் தூரம் சுமார் 38,900 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் போகும்போது 2400 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 192 டெசிபல் இழக்கிறது. அங்கிருந்து திரும்பும் 10 கிகாஹெர்ட்ஸ் அலை 205 டெசிபல் இழக்கிறது. 3 டெசிபல் என்றால் இரண்டு மடங்கு, 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு. இந்த இரண்டை மட்டும் நினைவில் வைத்தால் போதும். எந்தக் கருவி வாங்கும்போதும் "இந்தப் பணத்துக்கு எத்தனை டெசிபல் கிடைக்கிறது?" என்று கேளுங்கள். கடைக்காரர் சொல்லும் வாட் கணக்கு தானாகவே பின்னுக்குப் போய்விடும்.

60 சென்டிமீட்டர் டிஷ்ஷை 90 சென்டிமீட்டராக மாற்றினால் 3.5 டெசிபல் கூடும். 5 வாட் ஆம்ப்ளிஃபயரை 11 வாட்டாக மாற்றியதற்குச் சமம் அது. டிஷ் மாற்ற ஆகும் செலவு சில நூறு ரூபாயிலிருந்து ஓரிரு ஆயிரம். ஆம்ப்ளிஃபயரை மாற்றினால் பத்தாயிரத்தைத் தாண்டும். பெரிய டிஷ்ஷில் கேட்பதும் சேர்ந்தே தெளிவாகும், ஆம்ப்ளிஃபயரால் அது முடியாது. ஆகவே முதல் பணம் டிஷ்ஷுக்கு.

கேட்பது: டிவி தொழில் தந்த மலிவு

செலவே இல்லாமலும் தொடங்கலாம். இங்கிலாந்தின் கூன்ஹில்லியில் உள்ள ரிசீவரை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். பிரவுசரிலேயே கியூஓ-100 முழுவதையும் கேட்கலாம். இரண்டு வாரம் அதைக் கேளுங்கள். ஆர்வம் நிலைத்தால் வன்பொருளுக்கு வரலாம்.

நம் மாடிகளில் துருப்பிடித்துக் கிடக்கும் டிடிஎச் டிஷ்ஷும், அதன் முன்னால் நின்று 10 கிகாஹெர்ட்ஸைக் கேட்டு, தாழ்ந்த அலைவரிசைக்கு இறக்கித் தரும் எல்.என்.பி.யும் கோடிக்கணக்கில் தயாரானவை. அதனால்தான் அவை மலிவு. எல்.என்.பி. வாங்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு: உள் அலையாக்கி 9750 மெகாஹெர்ட்ஸ் உள்ள யுனிவர்சல் வகையாக இருக்க வேண்டும், கிறிஸ்டலோடு பூட்டிய பி.எல்.எல். வகையாகவும் இருக்க வேண்டும். கிறிஸ்டல் இல்லாத பழைய டி.ஆர்.ஓ. வகை வெயிலுக்கும் இரவுக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸ் நகரும். டிவிக்கு அது பொருட்டில்லை, 2.7 கிலோஹெர்ட்ஸ் அகலமே உள்ள எஸ்.எஸ்.பி. (ஹாம்கள் பேசும் குறுகிய குரல் முறை) குரலுக்கு உதவாது. 10,489.5-லிருந்து 9750-ஐக் கழித்தால் 739.5. ஆக, எல்.என்.பி.யிலிருந்து இறங்கும் சிக்னல் 740 மெகாஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கும். மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். டாங்கிளே (கணினியில் செருகும், மென்பொருளால் இயங்கும் ரேடியோ) அதை நேரடியாகக் கேட்டுவிடும். எல்.என்.பி.க்குள்ளேயே 50 டெசிபலுக்கு மேல் பெருக்கம் இருப்பதால், டாங்கிள் வரை வர சாதாரண ஆர்.ஜி.-6 டிவி கேபிளே தாராளம். கேட்கும் பக்கத்தில் விலையுயர்ந்த கேபிள் வாங்குவது வீண்.

பி.எல்.எல். வகையும் கொஞ்சம் நகரத்தான் செய்யும். உள்ளே இருக்கும் 25 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் 390 மடங்காகப் பெருக்கப்படுகிறது. கிறிஸ்டலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை வந்தால் கேட்கும் இடத்தில் 9.75 கிலோஹெர்ட்ஸ் விலகும். இதற்காக ஜி.பி.எஸ்.ஸோடு பூட்டிய ரெஃபரன்ஸ் வாங்க வேண்டும் என்று பலர் தொடக்கத்திலேயே பத்தாயிரத்துக்கு மேல் போட்டுவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். பட்டையின் நடுவில், 10,489.750 மெகாஹெர்ட்ஸில், பீக்கன் என்ற அடையாள சிக்னல் ஓயாமல் ஒலிக்கிறது. எஸ்.டி.ஆர். கன்சோல் என்ற இலவச மென்பொருள் அந்தப் பீக்கனைப் பிடித்துக்கொண்டு, எல்.என்.பி. எவ்வளவு நகர்ந்தாலும் திருத்திவிடும். பணம் செய்ய வேண்டிய வேலையைப் பீக்கன் செய்கிறது.

எல்.என்.பி.க்கு மின்சாரம் கொடுப்பதில்தான் டாங்கிள்கள் அதிகம் சாகின்றன. 12 முதல் 18 வோல்ட் அதே கேபிள் வழியாக மேலே போக வேண்டும், டாங்கிளுக்குள் மட்டும் அது வரக் கூடாது. இதற்கு பயாஸ் டீ என்ற சிறு பெட்டி வேண்டும், சில நூறு ரூபாய்தான். இன்னொரு வழி: பழைய செட்டாப் பாக்ஸை வைத்தே வோல்ட்டேஜ் கொடுத்து, ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் கடத்தும் ஸ்பிளிட்டர் போடலாம். எதுவானாலும், டாங்கிளைச் செருகும் முன் அந்தக் கேபிளின் நடு முள்ளுக்கும் வெளி உறைக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பூஜ்ஜியம் காட்டினால் மட்டும் செருகுங்கள். டாங்கிளுக்கு உள்ளேயே பயாஸ் டீ இருக்கிறது என்று விற்பார்கள். அது தருவது 4.5 வோல்ட், எல்.என்.பி.க்குப் பத்தாது.

டிஷ்ஷைத் திருப்புவது நம் ஊரில் கொஞ்சம் விசித்திரமானது. சென்னையிலிருந்து செயற்கைக்கோள் நேர் மேற்கிலிருந்து 9 டிகிரி தெற்கே, திசைகாட்டியில் 261 டிகிரி. உயரம் 27 டிகிரி. மதுரையில் உயரம் 30 டிகிரியை நெருங்கும், கொழும்பில் 28. நம் டிடிஎச் டிஷ்கள் ஆஃப்செட் வகை, 22 முதல் 25 டிகிரி வரை மேலே பார்க்கும்படி வடிவமைக்கப்பட்டவை. அதனால் சரியாக வைத்த டிஷ் ஏறத்தாழ செங்குத்தாக நிற்கும். எதிர்வீட்டுச் சுவரைப் பார்ப்பதுபோல் தோன்றும், அதைக் கண்டு தூக்கிவிடாதீர்கள். மேற்கே உள்ள கட்டடம் டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயரம் என்றால் குறைந்தது 20 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தென்னை மட்டையும் மறைக்கும். டிஷ் வாங்கும் முன்பே, மார்ச் நடுவிலோ செப்டம்பர் கடைசியிலோ மாலை 4 மணியிலிருந்து நாலரைக்குள் மாடியில் நின்று பாருங்கள். அந்த நாள்களில் சென்னைக்காரர்களுக்குச் சூரியன் அந்த நேரத்தில் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் நிற்கும். சூரியன் தெரிந்தால் செயற்கைக்கோளும் தெரியும்.

துருவப்படுத்தலில்தான், அதாவது அலை எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதில்தான், புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். குறுகிய பட்டையின் சிக்னல் செங்குத்துத் துருவம் என்று எல்லா வழிகாட்டியிலும் இருக்கும். ஐரோப்பியர்கள் எல்.என்.பி.யை லேசாகச் சாய்த்தாலே போதும். நாம் பூமத்தியரேகைக்கு அருகில், செயற்கைக்கோளிலிருந்து கிழக்கே வெகுதூரத்தில் இருக்கிறோம். சென்னையில் இந்தச் சாய்வு 74 டிகிரி. அதாவது "செங்குத்து" சிக்னல் நமக்குக் கிட்டத்தட்ட படுத்தபடி வந்து சேர்கிறது. செயற்கைக்கோளைப் பார்த்தபடி நின்று, எல்.என்.பி.யை வலஞ்சுழியாக 74 டிகிரி திருப்பி 13 வோல்ட் கொடுக்கலாம். அவ்வளவு திருப்ப கிளாம்ப் இடம் தராவிட்டால், எல்.என்.பி.யை நேராகவே விட்டு 18 வோல்ட் கொடுங்கள். அது கிடைமட்டத் துருவத்துக்கு மாறிக்கொள்ளும். மிச்சமிருக்கும் 16 டிகிரி பிழையால் இழப்பது அரை டெசிபல்கூட இல்லை. இதைத் தெரியாமல் நேராக வைத்து 13 வோல்ட் கொடுத்தால் 11 டெசிபல் போய்விடும். டிஷ் சிறியது என்று நினைத்துப் பெரியது வாங்குவார்கள், குறை வேறிடத்தில் இருக்கும்.

கேட்கும் பக்கம் மொத்தம் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் ரூபாய்க்குள் முடியும். பழைய டிஷ் கிடைத்தால் இன்னும் குறையும்.

பேசுவது: செலவு இங்கேதான்

அனுப்ப அமெச்சூர் உரிமம் கட்டாயம். உங்கள் உரிமத்தின் அலைவரிசைப் பட்டியலில் 2400 மெகாஹெர்ட்ஸ் செயற்கைக்கோள் பகுதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே பணத்தை எடுங்கள். டிரான்ஸ்மிட்டரை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கும் விதிகள் உண்டு, சுங்க வரியும் விலையில் கணிசமாக ஏறும்.

90 சென்டிமீட்டர் டிஷ்ஷில், ஃபீடின் (டிஷ்ஷின் குவியத்தில் நிற்கும் ஆண்டெனா) வாயில் 3 முதல் 5 வாட் இருந்தால் எஸ்.எஸ்.பி. குரல் தெளிவாகப் போகும். மோர்ஸுக்கு ஒரு வாட்டே அதிகம். "ஃபீடின் வாயில்" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மேசையில் 5 வாட் ஆம்ப்ளிஃபயரை வைத்து, மாடிக்கு 10 மீட்டர் ஆர்.ஜி.-58 கேபிள் இழுத்தால், அந்தக் கேபிள் 2400 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஒரு டெசிபல் வீதம் விழுங்கும். மேலே போய்ச் சேர்வது அரை வாட். எல்.எம்.ஆர்.-400 போட்டால் இழப்பு 2 டெசிபல் சொச்சம்தான், ஆனால் அந்தக் கேபிளின் விலையிலேயே இன்னொரு சிறு ஆம்ப்ளிஃபயர் வாங்கலாம். ஆம்ப்ளிஃபயரையே டிஷ் அடியில் ஒரு பெட்டிக்குள் வைத்து, மேலே மின்சாரத்தையும் சிறு சிக்னலையும் மட்டும் அனுப்புவதுதான் சரி. கேபிளுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதை இந்த ஒரு முடிவு தவிர்க்கிறது.

சிக்னலை உருவாக்க இரண்டு வழி. கணினியோடு பழகியவர்களுக்கு ஆடல்ம்-புளூட்டோ என்ற எஸ்.டி.ஆர். 2400 மெகாஹெர்ட்ஸை அதுவே உருவாக்கும், கேட்கவும் செய்யும். 2017 வாக்கில் நூறு, நூற்றைம்பது டாலருக்குக் கிடைத்தது இப்போது இருநூறு டாலரைத் தாண்டிவிட்டது. இங்கே வந்து சேர 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஏற்கெனவே எஸ்.எஸ்.பி. பேசும் வி.எச்.எஃப். அல்லது யு.எச்.எஃப். ரேடியோ இருந்தால் அதன் சிக்னலை 2400-க்கு ஏற்றித் தரும் டிரான்ஸ்வெர்ட்டர் ஒன்றைச் சேர்ப்பது எளிது. 2 வாட் தரும் டிரான்ஸ்வெர்ட்டர்கள் இருநூறு யூரோ அளவில் உண்டு. 1.2 மீட்டர் டிஷ்ஷோடு சேர்த்தால் அந்த 2 வாட்டே போதும், தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டாம். ஒன்று மட்டும்: ரேடியோவின் 50 வாட்டை மறந்துபோய் டிரான்ஸ்வெர்ட்டருக்குள் விட்டால் அது அந்த நொடியே போய்விடும். ரேடியோவின் பவரைக் கீழே இறக்கி, இடையில் பவரைக் குறைக்கும் ஒரு அட்டெனுவேட்டரையும் நிரந்தரமாகப் பொருத்திவிடுங்கள்.

புளூட்டோவிலிருந்து வருவது சில மில்லிவாட். அதை 20 டெசிபல் தூக்கும் டிரைவர் பலகை ஒன்று வேண்டும், இரண்டாயிரம் ரூபாய்க்குள். அதற்குப் பின்னால் சீன வைஃபை பூஸ்டர். வைஃபையின் முதல் சேனல் 2400-ஐ ஒட்டியே தொடங்குவதால் அந்தப் பெட்டிகள் நமக்கும் உதவுகின்றன. ஐயாயிரம் ரூபாய் அளவில் கிடைப்பதற்கு அதுவே காரணம். பெட்டியில் 8 வாட் என்று அச்சிட்டிருக்கும். குரல் சிதையாமல் எடுக்கக்கூடியது அதில் பாதிக்கும் கீழே என்று கணக்கிட்டு வாங்குங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளே சிக்னல் வந்தால்தான் அது அனுப்பும் நிலைக்கு மாறும். எஸ்.எஸ்.பி.யில் சொல்லுக்குச் சொல் சிக்னல் தணிந்து எழுவதால், அது விட்டுவிட்டு மாறி குரலை நறுக்கும். மூடியைக் கழற்றி அந்த உணரியை விலக்கி, பேசும் பொத்தானோடு இணைக்க வேண்டும். சாலிடரிங் கை வராதவர்கள் கியூஓ-100-க்கென்றே செய்த ஆம்ப்ளிஃபயரை வாங்குவது நல்லது, விலை இரண்டு மூன்று மடங்கு. அனுப்பத் தொடங்கியதும் வீட்டு வைஃபை திணறினால் ரவுட்டரை 11-ஆம் சேனலுக்கு மாற்றுங்கள்.

புளூட்டோவின் கடிகாரம் 25 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 25 பங்கு) வரை தவறலாம், 2400 மெகாஹெர்ட்ஸில் அது 60 கிலோஹெர்ட்ஸ். அரை பி.பி.எம். டி.சி.எக்ஸ்.ஓ. (வெப்பத்தால் அதிகம் நகராத கடிகாரம்) ஒன்றை மாற்றிப் பொருத்தினால் பிழை 1.2 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கும். உங்கள் குரல் கால் விநாடியில் திரும்பி வருவதால், அதைக் கேட்டே மிச்சத்தைத் திருத்திக்கொள்ளலாம். ஹெட்போன் கட்டாயம். ஸ்பீக்கரில் கேட்டால் எதிரொலி சுழன்றுகொண்டே இருக்கும்.

அடுத்தது ஃபீட். இதைக் கையால் செய்வதில்தான் பெரிய மிச்சம். செயற்கைக்கோள் எதிர்பார்ப்பது வலது வட்டத் துருவம் (முன்னேறும்போதே வலப்பக்கமாகச் சுழலும் அலை). டிஷ்ஷில் பட்டுத் திரும்பும்போது அது மாறிவிடுவதால், ஃபீட் இடது வட்டமாக இருக்க வேண்டும். ஹெலிக்ஸ் (சுருள் கம்பி) ஃபீட் சுற்றுகிறவர்கள் சாதாரண ஸ்குரூவின் மரைக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். மாறிப் போனால் கருவிகள் எல்லாம் நன்றாக இருந்தும் ஒரு முணுமுணுப்புக்கூட மேலே போகாது. ஒரே டிஷ்ஷில் கேட்கவும் பேசவும், POTY ("போட்டி") என்று உலகெங்கும் ஹாம்கள் அழைக்கும் பேட்ச் ஃபீட் இருக்கிறது: இரண்டு செப்புத் தகடு, நடுவே 22 மில்லிமீட்டர் செப்புக் குழாய், குழாயின் பின்முனையில் எல்.என்.பி. ஏ.சி. பழுதுபார்ப்பவர்கள் வாங்கும் கடையில் முக்கால் அங்குலத்துக்கு அடுத்த 7/8 அங்குலக் குழாயைக் கேளுங்கள், 22.2 மில்லிமீட்டர். உள்விட்டம் 20 மில்லிமீட்டரை ஒட்டி வருகிறதா என்று காலிப்பரால் அளந்து வாங்குங்கள். அந்த அளவுக் குழாய் 8.8 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கடத்தாது. 10 கிகாஹெர்ட்ஸ் தாராளமாகப் போகும், நீங்கள் அனுப்பும் 2400 எல்.என்.பி.யை எட்டாது. தனி ஃபில்டர் வாங்கும் செலவைக் குழாயே மிச்சப்படுத்துகிறது. குழாயின் திறந்த வாயை மெல்லிய பிளாஸ்டிக் மூடியால் அடைத்துவிடுங்கள், குளவி கூடு கட்ட அதைவிடத் தோதான இடம் கிடையாது. கூடு கட்டினால் கேட்பது மெல்ல மெல்ல மங்கும்.

புளூட்டோ, டிரைவர், பூஸ்டர், ஃபீட், பெட்டி, பவர் சப்ளை, குட்டி எஸ்.எம்.ஏ. கேபிள்கள் எல்லாம் சேர்த்து 40,000 முதல் 50,000 ரூபாய். எஸ்.எம்.ஏ. கனெக்டர்களில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான ஒன்று சத்தமில்லாமல் ஒரு டெசிபலைத் தின்றுவிடும், எது தின்கிறது என்று தேடுவதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அனுப்பும் பக்கம் தயாராகவே வேண்டும் என்பவர்களுக்கு ஐகாம் ஐசி-905 இருக்கிறது. ஆர்.எஃப். பகுதி வெளியே ஆண்டெனா அருகில், ஜி.பி.எஸ். கடிகாரத்தோடு. 2400-ல் 2 வாட். விலை மூவாயிரம் டாலருக்கு மேல். அருமையான கருவி, ஆனால் கியூஓ-100-க்காக மட்டும் அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

வெயிலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 5 வாட் வெளியே தரும் ஆம்ப்ளிஃபயர் பத்து வாட்டுக்கு மேல் வெப்பமாகக் கக்கும். மே மாதத்து மொட்டை மாடியில் கறுப்புப் பெட்டிக்குள் அதை அடைத்தால் பிற்பகலிலேயே பவர் சரியும். வெள்ளைப் பெட்டி, டிஷ்ஷின் நிழல், வெப்பத் தகடு வெளிப்பக்கம். கனெக்டர்கள் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, அதன் மேல் சாதாரண டேப். ஐப்பசி மழை கொட்டும்போது 10 கிகாஹெர்ட்ஸ் மங்கும், 2400-க்கு ஏதும் ஆகாது. அந்த நேரத்தில் உங்களுக்குக் கேட்காவிட்டாலும் உங்கள் குரல் மேலே போய்க்கொண்டுதான் இருக்கும், பவரைக் கூட்டாதீர்கள். அனுப்பும்போது டிஷ்ஷுக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

பவரைப் பற்றி ஒரு கண்டிப்பான விதி உண்டு: உங்கள் சிக்னல் பீக்கனைவிட உரக்க இருக்கக் கூடாது. மீறினால் லைலா என்ற காவல் அமைப்பு உங்கள் அலைவரிசையிலேயே சைரன் போன்ற ஒலியைப் போட்டுக் காட்டிக்கொடுக்கும். எஃப்.எம். அறவே கூடாது. குரலுக்கு 20 வாட், 50 வாட் என்று வாங்கியவர்கள் கடைசியில் அதைக் கால்வாசிக்குக் குறைத்துத்தான் ஓட்டுகிறார்கள். பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு வேலை இருப்பது அகன்ற பட்டையின் டிஜிட்டல் டிவியில். அங்கே நொடிக்கு 333 கிலோசிம்பல் வீதம் சிறு படம் அனுப்பவே பல பத்து வாட்டும் 1.2 மீட்டர் டிஷ்ஷும் கேட்கும். அந்தப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் முதலிலேயே 1.2 மீட்டர் டிஷ்ஷையும், புயல் காற்றுக்கு அசையாத கம்பத்தையும் போட்டுவிடுங்கள். ஆம்ப்ளிஃபயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.